ஆசைப்பட்ட போன் வாங்கியாச்சு, சிக்னல் எங்கே? எந்த நெட்வொர்க் செட் ஆகும் என்று முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

70,000 ரூபாய் கொடுத்து ஆசைப்பட்ட போனை வாங்கியாகிவிட்டது. ஆனால் ஒரு கால் பேச மொட்டை மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றால், தப்பு போனிலா, சிம்மிலா? பல நேரம் இரண்டிலும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்க்காததுதான் காரணம்.

ஒரு காலத்தில் போனைத் தேர்வு செய்தாலே நெட்வொர்க்கும் முடிவாகிவிடும். அமெரிக்காவில் 2007-ல் வந்த ஐபோனை 2011 தொடக்கம் வரை ஏடி அண்ட் டி நிறுவனம் மட்டுமே விற்றது. இந்தியாவிலும் 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி, ஏர்டெல், வோடஃபோன் வழியாகத்தான் வந்தது. இப்போது நம் ஊர் கடையில் வாங்கும் ஸ்மார்ட்போனில் பெரும்பாலும் எந்த சிம்மையும் போடலாம். ஜியோ பாரத் போன்ற பட்டன் போன்களில் மட்டும் ஜியோ சிம் தவிர வேறு வேலை செய்யாது.

அப்படியானால் எல்லா போனுக்கும் எல்லா நெட்வொர்க்கும் ஒன்றுதானா? அதுதான் இல்லை.

பேண்ட் என்றால் என்ன?

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில்தான் சேவை தர முடியும். அந்த அலைவரிசைக்கு வைத்திருக்கும் எண்தான் பேண்ட். போனில் அந்த பேண்ட் இல்லை என்றால், பக்கத்திலேயே டவர் இருந்தாலும் பயனில்லை.

2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை எடுத்தது ஜியோ மட்டும்தான். சுவர் தாண்டி வீட்டுக்குள் நன்றாக நுழையும் அலைவரிசை இது. இதில் 5ஜி கிடைக்க போனில் என்28 பேண்ட் இருக்க வேண்டும். என்78 இரு நிறுவனங்களுக்குமே முக்கியமான 5ஜி பேண்ட். 2020, 2021-ல் வந்த சில 5ஜி போன்களில் ஒன்றிரண்டு 5ஜி பேண்ட்தான் இருக்கும். பழைய போன் வாங்குபவர்கள் '5ஜி' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஜியோ 5ஜி தனித்து இயங்கும் 'ஸ்டாண்ட்அலோன்' முறையில் வந்தது. ஏர்டெல் 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்கியது. இவற்றுக்கு போனில் சாஃப்ட்வேர் ஆதரவும் வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோதும், ஐபோன்களுக்கு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் அது கிடைத்தது.

பிஎஸ்என்எல் கதை தனி. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியதும் பலர் அந்தப் பக்கம் போனார்கள். பிஎஸ்என்எல் 4ஜி முக்கியமாக 700, 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. போனில் பேண்ட் 28, பேண்ட் 1 இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுவது நல்லது. பழைய 4ஜி போன்கள் பலவற்றில் 28 இருக்காது.

துபாயிலிருந்து வரும் போன்

வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவரும் போனுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனில் விற்கும் ஐபோன் 17 வரிசையில் சிம் போடும் இடமே கிடையாது, இசிம் மட்டும்தான். அமெரிக்க ஐபோன்கள் 14 முதலே அப்படித்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இசிம் தருகின்றன. பிஎஸ்என்எல் 2025-ல் தமிழ்நாட்டிலிருந்து இதைத் தொடங்கியது. ஆனால் அவசரத்துக்கு சிம்மைக் கழற்றி அப்பாவின் பழைய போனில் போடும் பழக்கம் இனி நடக்காது.

அமெரிக்க போன் அங்குள்ள நிறுவனத்துக்கு 'லாக்' ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதனால் கால் போக வோல்ட்இ கட்டாயம். சில வெளிநாட்டு மாடல்களில் இந்திய நிறுவனங்களுக்கான வோல்ட்இ திறந்திருக்காது. நெட் ஓடும், கால் போகாது!

முதலில் எதைப் பார்ப்பது?

வீட்டு சிக்னலைத்தான். கவரேஜ் வரைபடத்தை நிறுவனங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் சமையலறையில் சிக்னல் வருமா என்று எந்த வரைபடமும் சொல்லாது. தெரிந்தவரின் சிம்மை வாங்கிப் போட்டு, கடைசி அறையில் நின்று ஒரு கால் பேசிப் பார்ப்பதே சரியான சோதனை. போன் எவ்வளவு விலை என்றாலும் இல்லாத டவரை அது உருவாக்கப் போவதில்லை. பிறகு கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் இந்திய பேண்ட் பட்டியலைச் சரிபார்க்கலாம்.

நெட்வொர்க் மாற வேண்டும் என்றால்?

நம்பரை மாற்றத் தேவையில்லை. ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, 10 இலக்க நம்பரைச் சேர்த்து 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு கோடு வரும். அது 4 நாள் செல்லும். ஒரே வட்டத்துக்குள் மாற 3 வேலை நாள் ஆகும். இப்போதைய நெட்வொர்க்கில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியவர்கள் 7 நாள் காத்திருக்க வேண்டும். மாறும் நேரத்தில் சில மணி நேரம் சிக்னல் போகும், வங்கி ஓடிபியும் வராது. அன்றைக்குப் பணம் கட்டும் வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ப்ரீபெய்டில் மிச்சமுள்ள வேலிடிட்டியும் பேலன்ஸும் கூடவே வராது. போன வாரம்தான் ஒரு வருட பிளான் போட்டிருந்தால், அந்தக் காசையும் புது போனின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருக்கும்.