பபூன் (ஸ்பெஷல் நாடகம்)

பபூன் என்பது, மதுரையை மையமாகக் கொண்டு தென் மாவட்டங்களில் நடைபெற்றுவரும் ஸ்பெஷல் நாடகத்தின் முதற்பகுதியைத் தம் வசனத்தாலும் பாட்டாலும் நடத்திச்செல்லும் ஹாஸ்ய நடிகருக்கு வழங்கும் பெயராகும். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி முதலிய வானம்பார்த்த பூமியில், பருத்தியும் மிளகாயும் மல்லியும் வீடு வந்து சேர்ந்தபின், அம்மனுக்குப் பொங்கலிடும் ஊரார், இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நிகழும் 'வள்ளி திருமண'த்தைக் காணக் கூடியிருக்கையில், முருகனுக்கும் வள்ளிக்கும் முன்னதாக மேடையேறுபவர் இவரே.

தோற்றம்

தெருக்கூத்தில் கட்டியங்காரனும் வடமொழி நாடகத்தில் விதூஷகனும் வகித்த ஸ்தானத்திற்கு இவர் வாரிசு எனினும், இவரது இன்றைய உருவம், பார்சி நாடகக் கம்பெனிகளின் செல்வாக்கால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் பரவிய, படுதாவும் ஆர்மோனியமும் கூடிய மேடையில் உருவானதாகும். அம்மேடைக்கு நிலையான நாடகங்களை இயற்றித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). கம்பெனி நாடகத்தில் நடிகர்கள் ஓரிடத்தில் தங்கிப் பயின்றனர். ஸ்பெஷல் நாடகத்திலோ ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன், டான்ஸ் ஆகிய ஒவ்வொருவரும் தனித்தனியே தேதி பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவு மேடையிலேயே ஒன்றுசேர்கின்றனர். இவர்களுக்கான சங்கம் மதுரையில் 1923இல் அமைந்தது.

விகடத்தின் முறை

பபூனின் பரிகாசம் மரியாதையில் தொடங்குகிறது. சபைக்கு வணக்கம் கூறி, ஊர்ப் பெரியோரையும் தாய்மாரையும் விளித்து, அறியாமல் பிழை நேர்ந்தால் பொறுத்தருள வேண்டுமென்று விநயமாக விண்ணப்பித்துக்கொண்ட பின்னரே, வழியில் ஒரு பெண்ணைக் கண்ட கதையைத் தமக்கே நேர்ந்ததுபோல் அவர் எடுத்துரைக்கத் தொடங்குகிறார். கதை சிருங்காரத்தின் எல்லையை நெருங்கும் தருணத்தில், முகத்தைச் சபையினின்று திருப்பி, மேடையின் ஓரத்தில் அமர்ந்துள்ள மிருதங்கக்காரரை நோக்கிப் பேசுவது மரபு. பெண்டிர் முன்னிலையில் சொல்லத்தகாததை வாத்தியக்காரரிடம் இரகசியமாகச் சொல்வதுபோன்ற இந்தப் பாவனையால், சொன்னவருக்குப் பழியின்றியும் கேட்டவர்க்குக் கூச்சமின்றியும் சபை முழுவதும் சிரிக்கிறது. அடுத்து டான்ஸ் நடிகை தோன்ற, இருவரும் மோதிக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டும் ஏச்சுக்கு ஏச்சுமாகத் தர்க்கம் புரிகின்றனர்.

ஒப்பீடு

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பதிற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த 'சாப் ஹாப்' என்னும் ராப் வகையும் உபசார வார்த்தைகளைக் கொண்டே நகைச்சுவை செய்கிறது. பழங்காலக் கனவானுக்குரிய கோட்டும் சூட்டும் அணிந்து, மேட்டுக்குடி உச்சரிப்பில் பாடும் மிஸ்டர் பி, தேநீரைப் போற்றிப் பாடிய புரொபசர் எலிமெண்டல் ஆகியோர் அதன் முதன்மையான கலைஞர்கள். முன்னவரைச் சீண்டிப் பின்னவர் 2010இல் வெளியிட்ட பாடல், நம்மூர்த் தர்க்கத்தை ஒத்த விளையாட்டுச் சண்டையே. ஆயினும் அவர்களிடத்தில் கனவான் தன்மையே பரிகாசத்திற்குப் பொருளாகிறது. பபூனிடத்தில் அது பரிகாசத்திற்கு அனுமதிச் சீட்டாகப் பயன்படுகிறது.

பிற்காலம்

பேசும் படம் வந்தபின், மேடை விகடர் பலர் அதனை நாடினர். நாடகக் கம்பெனியில் பயின்ற என். எஸ். கிருஷ்ணன், 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் நடித்து, 1949இல் 'நல்லதம்பி'யில் நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் சாயலில் 'கிந்தனார்' கதையைப் பாடிக் கல்வியின் பெருமையை நகைச்சுவையோடு விளக்கினார். கிராமத்து பபூனோ, எந்தச் சினிமா தம் சபையைக் கவர்ந்துகொண்டதோ அந்தச் சினிமாவின் மெட்டுகளையே எடுத்தாண்டு, புதுச் சொற்களிட்டுப் பாடித் தம் இடத்தைக் காத்துக்கொண்டார். திருவிழா நாடகத்திற்குக் காவல் துறையின் அனுமதியை ஊரார் கோரிப் பெறும் இக்காலத்திலும், எதுவரை பேசலாம் என்பதை மேடையிலே நிர்ணயிப்பவை, எதிரே பாயில் அமர்ந்திருக்கும் கிழவிகளின் சிரிப்பும் முகச்சுளிப்புமே. அவற்றைக் கணந்தோறும் கவனித்துப் பேச்சை நீட்டவும் நிறுத்தவும் அறிந்தவரையே அடுத்த ஆண்டும் ஊரார் தேதி கேட்டு அழைக்கின்றனர்.