கொலெட் அடாப்டர்

கொலெட் அடாப்டர் என்பது பெரிய துளையுள்ள கொலெட்டில் (ரவுட்டரில் பிட்டின் காம்பை நெருக்கிப் பிடிக்கும் வாய்) மெல்லிய காம்புள்ள பிட்டைப் பொருத்துவதற்காக இடையில் செருகும், நெடுக்கே பிளவு விட்ட உலோகக் குழல். சிஎன்சி ரவுட்டரில் வேலை செய்வோர் இதைச் சிலீவ் என்றும் புஷ் என்றும் சொல்வதுண்டு. கால் அங்குலக் கொலெட்டில் அரைக்கால் அங்குலப் பிட்டைப் பிடிக்கும் அடாப்டரே அதிகம் புழங்குவது. தச்சர் கணக்கில் ஓர் அங்குலம் 8 நூல். அப்படிப் பார்த்தால் இரண்டு நூல் வாயில் ஒரு நூல் காம்பு. மில்லிமீற்றரில் இவை 6.35, 3.175.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தச் சிறு குழலுக்கு வேலை வருவது மரச்செதுக்கில்தான். கோவில் வாகனம், சப்பறம், தேர் செய்யும் மரபு இங்கே ஆழ வேரூன்றியது. இணுவில் கந்தசுவாமி கோவிலின் பெருமஞ்சத்தை அருகில் நின்று பார்த்தவருக்கு மரத்தில் எவ்வளவு நுணுக்கம் கூடும் என்பது தெரியும். அந்த நுணுக்கம் உளியில் வந்தது. இன்று வீட்டு முன்கதவிலும் சாமியறைக் கதவிலும் கட்டிலின் தலைமாட்டிலும் பூவும் கொடியும் அன்னமும் சிஎன்சி இயந்திரத்தில் செதுக்கப்படுகின்றன. அன்னத்தின் கண்ணுக்கும் இதழின் நரம்புக்கும் 1 மி.மீ.க்குக் குறைந்த முனை தேவை. அவ்வளவு சிறிய பிட்டுகள் பெரும்பாலும் 3.175 மி.மீ. காம்போடுதான் கிடைக்கின்றன. மின்சுற்றுப் பலகைகளில் துளையிடும் தொழில் அந்த அளவைத் தன் தரமாக வைத்துக்கொண்டதே காரணம்.

குடாநாட்டில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. கனடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் பிட்டின் காம்பு கால் அங்குலம். பிரான்சிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வருவது 6 அல்லது 8 மி.மீ. கையால் தொட்டால் 6 மி.மீ. காம்பும் 6.35 மி.மீ. காம்பும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கை ரவுட்டரின் கால் அங்குலக் கொலெட்டில் 6 மி.மீ. காம்பைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் அது நம்பத்தக்க பிடி ஆகாது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் இயந்திரத்தில் கழன்ற பிட் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கியதும் காம்பை வேர்னியரில் அளந்து, அளவைப் பெட்டியின் மேல் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

அடாப்டரின் முதல் குறை ரன்அவுட், அதாவது சுழலும்போது பிட்டின் முனை மையத்தில் நில்லாமல் ஆடுவது. நேரடியாகப் பிடித்தால் கொலெட்டுக்கும் காம்புக்கும் இடையே ஒரு தொடுபரப்புத்தான் இருக்கும். அடாப்டர் புகுந்தால் அது இரண்டாகிறது, இரண்டின் பிழையும் சேரக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஆட்டம் சிறு பிட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கணக்கில் காணலாம். நிமிடத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் இரண்டு வெட்டுவாய், நகரும் வேகம் நிமிடத்துக்கு 720 மி.மீ. என்றால், ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றில் எடுக்க வேண்டிய சீவல் 0.02 மி.மீ. ரன்அவுட் 0.05 மி.மீ. இருந்து, அது வெட்டுவாயின் திசையிலேயே விழுந்தால், ஒரு வாய் மரத்தைத் தொடவே தொடாது. மற்றது இருமடங்கு சீவலைத் தனியே சுமக்கும். விரைவில் மழுங்கும், சூடேறும், கருகல் வாடை வரும், கடைசியில் முனை முறியும். 6 மி.மீ. பிட் தாங்கிக்கொள்ளும் ஆட்டத்தை 1 மி.மீ. பிட் தாங்காது.

இரண்டாவது குறை பிடிமானம். கொலெட் நெருக்கும் விசையில் ஒரு பகுதி குழலைச் சுருக்கவே செலவாகிவிடுகிறது. சீவலை மேலே தள்ளும் சுருள் பிட், திருகாணிபோலத் தன்னை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். பிடி தளர்ந்தால் பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இயந்திரத்துக்கு அது தெரியாது. தொடக்கத்தில் 2 மி.மீ. ஆழத்தில் இருந்த கொடி, பலகையின் மறுகோடியில் 4 மி.மீ. ஆழத்தில் கிடக்கும். ஒரு முழுத் தேக்குப் பலகை அப்படிப் பாழாகலாம்.

காம்பு மெலிவதால் வரும் வளைவு வேறு. ஒரே நீளமுள்ள உருளைத் தண்டின் விட்டம் பாதியானால், அதே விசைக்கு அது 16 மடங்கு வளையும். வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரட்டித்தால் 8 மடங்கு. ஆகவே பிட்டைத் தேவைக்குமேல் வெளியே நீட்டக் கூடாது. பனை மரத்தில் இது இன்னும் கண்டிப்பு. பனையின் புறப்பகுதியில் கறுத்த வைர நார்கள் நெருக்கமாகவும் அவற்றுக்கிடையே மென்மையான சதையும் இருப்பதால், மெல்லிய முனை நாரில் இடறிச் சதைப்பக்கம் விலகும். நுண்ணிய உருவத்துக்குப் பனையைவிட வேம்போ தேக்கோ பொருத்தமானது.

அடாப்டர் இன்றி வேலை இல்லை என்ற நிலையில், முதலில் கொலெட்டின் உட்புறம், குழல், காம்பு மூன்றையும் துணியால் துடைக்க வேண்டும். பிளவில் சிக்கிய ஒரு மரத்தூள் போதும், மையம் தவறிவிடும். குழலின் முழு நீளமும் கொலெட்டுக்குள் இருக்க, காம்பு குழலின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். காம்பை அடிவரை முட்டவிடாமல் சற்று மேலே எடுத்து இறுக்குவது முறை. பிறகு டயல் கேஜைக் காம்பில் தொடவைத்து, பிட்டைச் சுழற்றும் தண்டான சுழலியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி முள்ளைப் பார்க்கலாம். கேஜ் இல்லாதவர் கழிவுப் பலகையில் ஒரே ஓட்டத்தில் ஒரு தடம் வெட்டி அதன் அகலத்தை அளக்கட்டும். பிட்டின் விட்டத்தைவிடத் தடம் தெளிவாக அகன்றிருந்தால் அந்தப் பொருத்தம் செதுக்குக்கு ஆகாது.

இவ்வளவு பாடுபடுவதைவிடச் சரியான கொலெட்டை வாங்குவதே மேல். சிஎன்சி சுழலிகளில் பரவலாக இருக்கும் ஈஆர் வகை, 1970களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ரேகோ-பிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இப்போது ஐஎஸ்ஓ 15488 என்ற பன்னாட்டுத் தரத்துக்குள் அடங்குகிறது. ஈஆர்11 சுழலி 7 மி.மீ. வரையிலும், ஈஆர்20 சுழலி 13 மி.மீ. வரையிலும் காம்பு பிடிக்கும், இரண்டுக்கும் 3.175 மி.மீ. கொலெட் தனியாகவே கிடைக்கிறது. ஆகவே ஈஆர் சுழலி வைத்திருப்பவருக்கு அடாப்டரே தேவையில்லை. ஒரு கவனம் மட்டும் வேண்டும்: ஈஆர் கொலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்' என்று பூட்டிவிட்டுத்தான் சுழலியில் ஏற்ற வேண்டும். பிட் இல்லாமல் நட்டை இறுக்கினால் கொலெட் அளவுமீறி நெரிந்து கெட்டுவிடும்.

கை ரவுட்டரையே சுழலியாகப் பூட்டியவருக்கு இன்னொரு வழி உண்டு. காம்பு கால் அங்குலம், முனை மட்டும் கூம்பி உருண்ட பிட்டுகள் கிடைக்கின்றன. தடித்த காம்பால் வளைவு குறையும், முனையின் சிறுமையால் அன்னத்தின் கண்ணும் தெளிவாக விழும்; குழல் எதுவும் நடுவில் இல்லை.

கடற்காற்று அடிக்கும் ஊரில், அதிலும் மாரிகாலத்தில், கொலெட்டின் சரிவுப் பரப்பில் துரு ஏறுவது விரைவு. வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு மூடிய டப்பாவில் வைத்து, மறுநாள் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டே பூட்ட வேண்டும். கொலெட் தேயும் பொருள். சுத்தம் செய்தும் ரன்அவுட் குறையாவிட்டால், அல்லது வாய் அகன்றிருந்தால், அதை மாற்றிவிட வேண்டும்.