வாளும் அதன் ஸனதும்

சிட்லபாக்கத்திலுள்ள எம் இல்லத்திற்கு அன்பர் ஒருவர் வாளொன்றைக் கொணர்ந்தார். திப்பு சுல்தானின் வாளென்று சொல்லி வணிகர் ஒருவர் அதற்குப் பெருவிலை கூறியிருந்தார். அதை வாங்குவதற்காக மனைவியின் நகைகளை விற்கவும் அன்பர் துணிந்திருந்தார். அலகிலுள்ள எழுத்துக்களைப் படித்துச் சொல்ல வேண்டுமென்பதே அவர் வேண்டுகோள்.

படித்தோம். சுல்தானின் பெயரும் ஹிஜ்ரி 1240 என்ற ஆண்டும் இருந்தன. சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதான நாள் 1799 மே 4. அது ஹிஜ்ரி 1213. அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு வாள் வடித்தவர் யார்? ஆட்சியின் பிற்பகுதியில் அவர் வழங்கிய மவ்லூதி ஆண்டுக் கணக்கிலும் 1240 அவர் ஆயுளுக்குள் அடங்காது.

நம் நாட்டு எஃகின் பெருமை அரபு மொழியிலேயே பதிந்துள்ளது. ‘முஹன்னத்’ என்றால் ஹிந்து நாட்டு எஃகால் ஆன வாள். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் ‘பானத் ஸுஆத்’ கஸீதாவில் அச்சொல் வருகிறது. மூசையில் உருக்கிய அவ்வெஃகின் அலகில் ‘ஜவ்ஹர்’ எனும் நீரோட்ட வரிகள் தோன்றும். அவை எஃகின் உள்ளேயே உள்ளவை. தேய்த்து மெருகிட்டால் மறையும், அமிலம் பட்டால் மீண்டும் எழும். போலி அலகிலோ மேற்புறத்தில் மட்டும் வரிகளை அரித்திருப்பர். தேய்த்தால் போனது போனதுதான்.

பெயர்ப் பொறிப்பை மட்டும் நம்பலாகாது. இஸ்ஃபஹான் நகர அஸதுல்லாஹ்வின் பெயர் வெவ்வேறு காலத்து வாள்களில் காணப்படுகிறது. பிடி ஒரு நாட்டிலும் அலகு வேறு நாட்டிலும் பிறந்திருக்கலாம். ஐரோப்பிய அலகுக்கு இந்தியப் பிடியிட்ட வாளை ‘ஃபிரங்கி’ என்றே வழங்கினர்.

ஹதீஸுக்கு ஸனது எப்படியோ, பழம்பொருளுக்குக் கைமாறிய வரலாறு அப்படி. 2023 மே மாதம் இலண்டனில் சுல்தானின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலை நடத்திய தளபதி பெயர்டுக்கு அது பரிசாக அளிக்கப்பட்ட செய்தி தெளிவாக இருந்தமையே அம்மதிப்புக்கு ஆதாரம்.

அன்பரின் வாளுக்கு அத்தகைய தொடர் ஏதுமில்லை. உண்மையை உரைத்தபோது அவர் முகம் வாடிற்று. ஆயினும் நகைகள் வீட்டிலேயே தங்கின. சுல்தானை நேசிப்போர் அவர் பெயரால் சொல்லப்படும் பொய்யை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்தல் தகுமா?