விக்டோரியா நேஷனல் பிரீமியர் லீக்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலமான விக்டோரியாவில் ஆண்டுதோறும் நடக்கும் அரைத்தொழில்முறைக் கால்பந்துத் தொடர் இது. நாடு தழுவிய ஏ-லீகுக்கு அடுத்த படியில் இருக்கிறது. மாநிலச் சங்கமான ‘ஃபுட்பால் விக்டோரியா’ இதை நடத்துகிறது. இன்றைய பெயர் 2014-இல் வந்தது. ஆனால் மாநிலத்தின் முதல் பிரிவு லீக் 1909-இலிருந்தே நடந்துவருகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்தக் காலத்தில் லீக்கின் பெயர் பல முறை மாறியது. நாட்டின் கால்பந்தில் அதன் இடமும் ஒரு படி கீழே தள்ளப்பட்டது, பின்னர் மேலேறும் வழியும் அடைக்கப்பட்டது.

ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கட்டட வேலைக்காரர், ஆசிரியர், மின்பணியாளர், கல்லூரி மாணவர் எனப் பலரும் பகல் வேலையை முடித்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். வார இறுதியில் ஆட்டம். பிப்ரவரி வாக்கில் தொடங்கும் பருவம் தென்கோளத்தின் குளிர்காலம் முழுக்க நீடித்து, செப்டம்பரை ஒட்டி முடிகிறது. மெல்பர்ன் நகரின் குளிர்காலம் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்துக்கே சொந்தமானது. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அந்த விளையாட்டுதான் அங்கே செய்தித்தாள்களின் பின்பக்கங்களை நிரப்புகிறது. அதன் நிழலில்தான் இந்த லீக் எப்போதும் வளர வேண்டியிருந்தது.

தொடக்கம்

1880-களில் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் மெல்பர்னில் கால்பந்தைத் தொடங்கினார்கள். 1883-இல் விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் மோதின. இரு காலனிகளுக்கு இடையே நடந்த தொடக்ககால ஆட்டங்களில் அது ஒன்று. பின்னர் 1890-களின் பொருளாதார வீழ்ச்சியில் ஆட்டம் ஏறத்தாழ அணைந்துபோனது. 1908-இல் ஹாரி டாக்கர்ட்டி என்பவர் முன்முயற்சி எடுத்து ஆர்வலர்களைத் திரட்டினார். அடுத்த ஆண்டே லீக் தொடங்கியது. அவர் பெயரால் வழங்கும் டாக்கர்ட்டி கோப்பையும் அதே 1909-இல் பிறந்தது, இன்றும் ஆடப்படுகிறது. முதல் உலகப் போரின் நடுவில் ஆட்டங்கள் நின்று, போர் முடிந்ததும் மீண்டன. அந்தக் காலத்துக் கிளப்புகள் பெரும்பாலும் ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர் வைத்திருந்த பேட்டைக் கிளப்புகள். 1927-இல் யூதர்கள் தொடங்கிய ஹகோவா மட்டும் இன்னொரு காலத்துக்கு முன்னறிவிப்புபோல நின்றது.

கப்பலில் வந்த கிளப்புகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா தன் கதவை ஐரோப்பாவுக்குத் திறந்தது. இத்தாலி, கிரீஸ், மால்டா, யூகோஸ்லாவியா, போலந்து, ஹங்கேரி, நெதர்லாந்து நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து மெல்பர்னின் தொழிற்சாலைப் பேட்டைகளில் குடியேறினார்கள். இந்த லீக்கின் உண்மையான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

மால்டாக்காரர்களின் ஜார்ஜ் கிராஸ், மாசிடோனியர்களின் பிரஸ்டன் மகெடோனியா இரண்டும் 1947-இல் பிறந்தன. இத்தாலியரின் ஜுவென்டஸ் 1948-இல் உருவாகி, 1950-களில் மாநிலத்தையே ஆண்டது. குரோவேஷியர்கள் 1953-இல் தங்கள் கிளப்பைத் தொடங்கினார்கள். யூகோஸ்லாவியர்களுக்கு ஃபுட்ஸ்கிரே பேட்டையில் ‘ஜஸ்ட்’ இருந்தது. போலந்துக்காரருக்குப் பொலோனியா, டச்சுக்காரருக்கு வில்ஹெல்மினா, செக் மக்களுக்கு ஸ்லாவியா. கிரேக்கர்கள் 1958-இல் அலெக்சாண்டரைத் தொடங்கினார்கள்; பின்னாளில் ஹைடல்பெர்க் யுனைடெட் ஆனது அதுதான். அடுத்த ஆண்டு இரண்டு கிரேக்கக் கிளப்புகளும் பழைய சவுத் மெல்பர்ன் யுனைடெட்டும் இணைந்து சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ் ஆயின.

இவற்றை வெறும் விளையாட்டு அமைப்புகளாகப் பார்த்தால் பாதிதான் புரியும். ஆங்கிலம் வராத ஒருவர் தன் மொழியில் பேசவும், வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்கவும், ஊர்ச் செய்தி அறியவும், பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் போன இடம் கிளப்தான். மைதானத்து வேலியும் மண்டபத்துச் சுவரும் உறுப்பினர்களின் உழைப்பாலும் நன்கொடையாலும் எழுந்தவை. இன்றும் கிரேக்கக் கிளப்பின் மைதானத்தில் சுவ்லாக்கியும் குரோவேஷியர் மைதானத்தில் செவாப்பியும் கரி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். பழைய ரசிகர்கள் அதை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

ஆட்டத்தின் தரம் ஒரே தலைமுறையில் உயர்ந்தது. ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள் வந்தார்கள், கூட்டம் பெருகியது, நுழைவுக் கட்டணம் சேர்ந்தது. வெளிநாட்டு வீரர்களை மாற்றுக் கட்டணம் தராமல் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் ஆஸ்திரேலியக் கிளப்புகளிடையே பரவியதால், ஃபிஃபா 1960-இல் ஆஸ்திரேலியாவை இடைநீக்கம் செய்தது. அது 1963-இல்தான் நீங்கியது. அதே காலத்தில் நடந்த ஆஸ்திரேலியக் கோப்பையை 1963-இல் ஸ்லாவியாவும், 1964-இல் ஜார்ஜ் கிராஸும், 1967-இல் மெல்பர்ன் ஹங்காரியாவும் வென்றன. மூன்றுமே விக்டோரியா லீக் கிளப்புகள்.

மாநில லீக்கில் ஹெல்லாஸின் கை ஓங்கியது. 1962, 1964, 1965, 1966, 1972, 1974, 1976 என ஏழு பட்டங்கள். அதன் மிடில் பார்க் மைதானம் மெல்பர்ன் கிரேக்கர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பிடமாக இருந்தது.

பழைய நாட்டின் பகைகளும் அதே கப்பலில் வந்தன என்பதை மறைப்பதற்கில்லை. குரோவேஷியக் கிளப்புக்கும் யூகோஸ்லாவியக் கிளப்புக்கும் நடந்த ஆட்டங்களில் அரசியல் கனன்றது. பார்வையாளர் கலவரத்தைத் தொடர்ந்து 1972-இல் மெல்பர்ன் குரோவேஷியா லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஆதரவாளர்கள் கலைந்துவிடவில்லை. எசண்டன் லயன்ஸ் என்ற சிறு கிளப்போடு சேர்ந்து கீழிருந்து ஏறி, 1978, 1979 ஆண்டுகளில் மாநிலப் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார்கள். வன்முறைக்குத் தண்டனை தேவைதான். ஆனால் ஒரு சமூகத்தின் கிளப்பையே அழித்தால் சிக்கல் தீரும் என்று நினைத்த நிர்வாகத்துக்கு அந்த இரு பட்டங்களே பதில்.

இரு முறை இறக்கம்

1977-இல் நேஷனல் சாக்கர் லீக் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் எந்த விளையாட்டுக்கும் அதற்கு முன் நாடு தழுவிய கிளப் லீக் இருந்ததில்லை. விக்டோரியாவிலிருந்து ஹெல்லாஸ், ஃபுட்ஸ்கிரே ஜஸ்ட், ஃபிட்ஸ்ராய் அலெக்சாண்டர், மூருல்பார்க் ஆகியவை அதற்குப் போயின. மாநில லீக் ஒரே நாளில் இரண்டாம் படிக்கு இறங்கியது. ஆனாலும் வழி அடைபடவில்லை. பிரஸ்டன் 1981-இலும் குரோவேஷியர்கள் 1984-இலும் மேலே போனார்கள். மூருல்பார்க் ஒரே பருவத்தில் திரும்பி வந்தது. 1990-களின் தொடக்கத்தில் மாநிலத் தொடர் ‘விக்டோரியன் பிரீமியர் லீக்’ என்ற பெயரைப் பெற்றது.

மேலே போன கிளப்புகள் பெரிதாகச் சாதித்தன. பிரன்ஸ்விக் ஜுவென்டஸ் 1985-இல் தேசியப் பட்டம் வென்றது. மெல்பர்ன் நைட்ஸ் என்று பெயர் மாறிய குரோவேஷியர் கிளப் 1995, 1996 பட்டங்களை வென்றது. மார்க் விடுகா அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனார். சவுத் மெல்பர்ன் நான்கு முறை தேசிய வாகை சூடியது. அவற்றில் 1991 பட்டத்தின்போது பயிற்சியாளர், ஹங்கேரியின் மாமேதை ஃபெரன்ஸ் புஸ்காஷ். அப்போது அணித் தலைவராக இருந்த ஆஞ்சி போஸ்டகோக்ளு, கிரீஸிலிருந்து ஐந்து வயதில் வந்து அதே கிளப்பில் வளர்ந்தவர். அவர் பயிற்சியாளராகி 1998, 1999 பட்டங்களைப் பெற்றுத் தந்தார். 2000-இல் பிரேசிலில் நடந்த உலகக் கிளப் போட்டியில் சவுத் மெல்பர்ன் மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்கொண்டு 0–2 எனத் தோற்றது.

இத்தனை இருந்தும் தேசிய லீக் நிதி நெருக்கடியில் 2004-இல் மூடப்பட்டது. 2005-இல் பிறந்த ஏ-லீக் புத்தம்புது நிறுவனக் கிளப்புகளை விரும்பியது. மெல்பர்னுக்கு ஓரிடம், அது மெல்பர்ன் விக்டரிக்கு. ஐந்தாண்டுகளுக்கு முன் உலகக் கிளப் போட்டி ஆடிய சவுத் மெல்பர்ன், கடன் சுமையிலிருந்து மீண்டு, பேட்டை மைதானங்களில் மாநில லீக் ஆடத் தொடங்கியது. நைட்ஸும் அப்படியே வந்து சேர்ந்தது. முதல் இறக்கத்தில் ஏணி இருந்தது, இரண்டாவதில் ஏணியையும் எடுத்துவிட்டார்கள். மாநில வாகையராக எத்தனை முறை ஆனாலும் ஏ-லீகுக்கு ஏற முடியாது.

ஆனால் லீக் சுவை குன்றவில்லை. மால்டாக்காரர்கள் வளர்த்த கிரீன் கல்லி 2005-இலும், சவுத் மெல்பர்ன் 2006-இலும், பிரஸ்டன் 2007-இலும் வென்றன. ஆல்டோனா மேஜிக் 2008, 2009 இரண்டையும் எடுத்துக்கொண்டது. கிரீன் கல்லி 2010, 2011-இல் மீண்டும் வந்தது. 2012-இல் டாண்டினாங் தண்டர், பழைய பெயரின் கடைசிப் பட்டம் 2013-இல் நார்த்கோட் சிட்டிக்கு.

2014 பருவம்

தேசியச் சங்கம் மாநில லீக்குகளை ஒரே பெயரின்கீழ் கொண்டுவரும் திட்டத்தை 2013-இல் தொடங்கியது. உரிமக் கட்டுப்பாடுகளும் இளையோர் அணிச் செலவும் கூடும் என்று விக்டோரியாவின் கிளப்புகள் எதிர்த்ததால், இங்கே அது ஓராண்டு தாமதமாக 2014-இல்தான் வந்தது. அணிக்கு வரம்பிட்ட ‘வீரர் புள்ளி’ முறை இதன் முக்கியக் கூறு. தன் கிளப்பிலேயே வளர்ந்த வீரருக்குக் குறைந்த புள்ளி, வெளியிலிருந்து வாங்கியவருக்குக் கூடுதல். பணமுள்ள கிளப் பட்டத்தை விலைக்கு வாங்குவதைத் தடுக்கவும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவும் இந்த ஏற்பாடு. முதல் பருவத்தின் பட்டம் சவுத் மெல்பர்னுக்குப் போனது.

அதே ஆண்டில் எஃப்எஃப்ஏ கோப்பை (இன்றைய ஆஸ்திரேலியக் கோப்பை) பிறந்தது. நாட்டின் எல்லா மட்டக் கிளப்புகளும் கலந்துகொள்ளும் வெளியேற்றுப் போட்டி அது. விக்டோரியா லீக்கின் பென்ட்லீ கிரீன்ஸ் அரையிறுதி வரை போய் பெர்த் குளோரியிடம் 0–3 எனத் தோற்றது. மாநில லீக் ஆட்டக்காரர் ஏ-லீக் வீரரோடு ஒரே புல்தரையில் நின்றது அந்தப் பருவத்தின் பெருமை.

அதே பருவத்தில் ஒரு சிறுமையும் நேர்ந்தது. இனம், நாடு சுட்டும் புதிய பெயர்களையும் சின்னங்களையும் தடுக்கும் ‘கிளப் அடையாளக் கொள்கை’ 2014-இல் நடைமுறைக்கு வந்தது. மெல்பர்ன் நைட்ஸ் தன் சட்டையில் ‘மெல்பர்ன் குரோவேஷியா’ என்று விளம்பரப் பெயர் இட அனுமதி கேட்டபோது மறுக்கப்பட்டது. கிளப் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டது. அந்த ஆட்டத்தை அந்த நாட்டில் கட்டியெழுப்பியவர்களிடமே அவர்கள் பெயரை மறைக்கச் சொன்னது நியாயமற்றது. கொள்கை 2019-இல் கைவிடப்பட்டது.

பிந்தைய ஆண்டுகள்

எஃப்எஃப்ஏ கோப்பையில் விக்டோரியா கிளப்புகளின் ஓட்டம் தொடர்ந்தது. 2015-இல் ஹ்யூம் சிட்டி, 2017-இல் சவுத் மெல்பர்ன், 2018-இல் மறுபடி பென்ட்லீ அரையிறுதி கண்டன. மாநில வெற்றியாளர்கள் மோதிய தேசிய இறுதித் தொடரை 2017-இல் ஹைடல்பெர்க் யுனைடெட் வென்றது. கொரோனாவால் 2020 பருவம் ஐந்து சுற்றுகளோடு நின்று ரத்தானது. 2021-ஆம் பருவமும் முடிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கீழ்ப் பிரிவுகளில் கிடந்த பிரஸ்டன் 2025-இல் முதல் பிரிவுக்குத் திரும்பியது.

ஏ-லீக்கின் விரிவாக்கத்துக்கு 2018-இல் சவுத் மெல்பர்னும் விண்ணப்பித்தது. இடம் கிடைக்கவில்லை. மெல்பர்ன் மேற்குக்கு அப்போது உரிமம் பெற்ற வெஸ்டர்ன் யுனைடெட், நிதிச் சிக்கலால் 2025–26 பருவத்தில் களமிறங்காமல் ஒதுங்கியது. 2025 அக்டோபரில், 1958-இல் கிரேக்கக் குடியேறிகள் தொடங்கிய ஹைடல்பெர்க், ஆஸ்திரேலியக் கோப்பையின் இறுதிப்போட்டியில் மெல்பர்னின் லேக்சைட் அரங்கில் ஏ-லீக் கிளப்பான நியூகாசில் ஜெட்ஸோடு ஆடி 1–3 எனத் தோற்றது. முதலீட்டைக் காட்டி இடம் வாங்கும் முறையைவிட, ஆடி இடம் பெறும் முறையே ஒரு நாட்டின் கால்பந்துக்கு ஏற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மாநில லீக்குகளின் முன்னணிக் கிளப்புகளுக்காக ‘ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப்’ என்ற தொடர் 2025 அக்டோபரில் 16 கிளப்புகளோடு தொடங்கியது. விக்டோரியாவின் பழைய கிளப்புகள் பல அதில் இடம்பெற்றன. அதில் வெல்லும் கிளப்புக்கு ஏ-லீகில் இடம் கிடையாது.