வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு (கன்னியாகுமரி மாவட்டம்)

சாலை விபத்தில் காயமடைந்தவரோ இறந்தவரின் குடும்பத்தாரோ, மோதிய வண்டியின் உரிமையாளரிடமும் அதன் காப்பீட்டு நிறுவனத்திடமும் நஷ்டஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யும் மனு. கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்றும் ஊரில் ‘ஆக்சிடென்ட் கேஸ்’ என்றும் சொல்வர். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை ஆகிய இடங்களின் நீதிமன்றங்கள் தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன. நாகர்கோவிலின் விளிம்பான பார்வதிபுரத்தில் தொடங்கி சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை வழியாக மார்த்தாண்டம் வரை வீடும் கடையும் விடாமல் தொடர்வதால், தெருவிலிருந்து இறங்கும் இருசக்கர வண்டி நேரே நெடுஞ்சாலையில்தான் ஏறுகிறது. இவ்வழக்குகள் இம்மாவட்டத்துக்கு அன்றாட விஷயமாக இருப்பதற்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம்.

வரலாறு

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளும், அவற்றுக்கு மேற்கேயுள்ள கல்குளம், விளவங்கோடும் 1956 வரை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதிகளாக இருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை அந்நாட்டின் முதன்மையான போக்குவரத்துப் பாதை. தனியார் பேருந்துகள் ஓடிய இத்தடத்தில்தான் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா அதைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி. சால்டர் அதன் கண்காணிப்பாளராக வரவழைக்கப்பட்டார். தொடக்கத்தில் 60 வண்டிகள் இருந்தன. சாலைக்குப் பிற்பாடு காங்கிரீட் போடப்பட்டது. வேகம் இந்த மண்ணுக்கு வந்த வழி இதுவே.

வேகத்துக்கு ஈடான சட்டம் அவ்வளவு விரைவாக வரவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குரிமை தந்தது. ஆனால் அது சிவில் கோர்ட்டில், முழுக் கட்டணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டிய வழக்கு. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தனித் தீர்ப்பாயம் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தின் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிறந்து, 1957 பிப்ரவரி 16 அன்று அமலானது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, 1956 நவம்பர் 1 அன்று, மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக இப்பகுதி தமிழகத்தோடு இணைந்திருந்தது. புதிய மாவட்டமும் புதிய தீர்ப்பாய முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கின.

முறை வந்தும் ஏழைக்குக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. அதைத் திறந்ததில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் பங்கு பெரிது. 1979இல் ஹரியானா அரசுக்கும் தர்சனா தேவிக்கும் இடையிலான வழக்கில், விபத்தில் ஆளை இழந்த ஏழைக் குடும்பத்திடம் கோர்ட்டுக் கட்டணம் கேட்டு அரசே மல்லுக்கு நின்றதை அவர் கண்டித்தார். 1980இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் - கருமாய் அம்மாள் வழக்கு இன்னும் முக்கியமானது. இரவில் ஒரு பேருந்து தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டனர். ஓட்டுநர் கிரிமினல் வழக்கில் விடுதலையானார். அதனால் நஷ்டஈடு கிடையாது என்ற உரிமையாளரின் வாதம் எடுபடவில்லை. கிரிமினல் வழக்கின் அளவுகோல் வேறு, இழப்பீட்டு வழக்கின் அளவுகோல் வேறு என்பது அன்றோடு முடிந்துபோன விஷயம். இன்றும் பதில் மனுவில் (கவுண்ட்டர்) அந்த வாதத்தை எழுப்புகிறார்கள் என்றாலும் அதற்கு வலு இல்லை.

1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலானது. அதில் மனுச் செய்ய ஆறு மாதக் கெடு இருந்தது. 1994 நவம்பர் 14 அன்று அமலான திருத்தம் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டது. கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடப்பவர் வக்கீலைத் தேடி வரத் தாமதமாகும் என்ற எளிய உண்மையை அத்திருத்தம் மதித்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இது பின்னோக்கிய அடி.

முதல் நாள் காகிதங்கள்

வழக்கின் போக்கு கோர்ட்டுக்கு வரும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அவசரப் பிரிவில் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்: எங்கே, எத்தனை மணிக்கு, எதனால். ‘ஏ.ஆர். காப்பி’ எனப்படுவது இதன் நகல். காயம்பட்டவர் நினைவின்றிக் கிடக்க, உடன் வந்த உறவினரோ ஆட்டோ ஓட்டுநரோ பதற்றத்தில் “பைக்கில இருந்து விழுந்துட்டாரு” என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகும். கார் இடித்தது என்ற பேச்சே அதில் இராது. மூன்று நாள் கழித்துக் காரின் எண்ணோடு எஃப்.ஐ.ஆர். வரும்போது, காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணையை நடத்துவார். மோதிய வண்டி எது, எண் என்ன என்பதை முதல் மணி நேரத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது பின்னால் வரும் எந்தச் சாட்சியையும்விட மேலானது. காயச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில்கள் ஆகியன அடுத்தபடி தேவை.

2022 முதல் போலீசாருக்கும் கடமை வரையறுக்கப்பட்டுள்ளது. முதல் தகவல் 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கை 50 நாளிலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அவ்வறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம்.

எல்லைப்புற மாவட்டம் என்பதால் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குமரிக்காரர் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ அடிபடுவார்; சிகிச்சை திருவனந்தபுரத்தில்; எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில். வழக்குப் போட அங்கே அலைய வேண்டியதில்லை. 166ஆம் பிரிவின்படி மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ, தாக்கல் செய்யலாம். மலையாள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைத்தால் போதும்.

மோதிய வண்டி தெரியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அதற்கென உள்ள திட்டத்தில் வருவாய்க் கோட்ட அதிகாரிகள் வழியாக மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கேட்கலாம்.

காயமும் தொழிலும்

மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று எழுதினால் வருமான இழப்பும் 30 சதவீதம்தான் என்று வாதிடுவது காப்பீட்டுத் தரப்பின் வழக்கம். 2010இல் ராஜ்குமார் - அஜய்குமார் தீர்ப்பு இதை மறுத்தது. உறுப்பு எவ்வளவு குறைந்தது என்பதல்ல, அந்தக் குறை அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கேள்வி.

குலசேகரம், அருமனைப் பகுதியின் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டி, சரிவில் ஏறி இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களில் பட்டையை மெலிதாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் கெடும். மணிக்கட்டு திரும்பாத வலக்கையால் இது முடியாது. வயது 35, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,80,000. பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. சர்ளா வர்மா தீர்ப்பின்படி (2009) இவ்வயதுக்குரிய பெருக்கு எண் 16, ஆக 40,32,000. இதில் 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய். தொழில் இழப்பை 60 சதவீதமாக ஏற்றால் 24,19,200. இதே காயம் மேசை வேலை பார்க்கும் எழுத்தருக்கு ஏற்பட்டால் வருமானம் குறையாமலும் போகலாம். சான்றிதழ் ஒன்றே, வாழ்க்கை வேறு. குளச்சல் மீனவருக்கும் தோவாளையில் பூக்கட்டுபவருக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். சம்பளச் சீட்டு இல்லை என்பதால் கூலிக்காரரின் வருமானத்தை மிகவும் தாழ்த்தி மதிப்பிடக் கூடாது என்பதை 2014இல் சையத் சாதிக் என்ற காய்கறி வியாபாரியின் வழக்கு நிலைநாட்டியது. வேலை கொடுத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது அதனினும் நன்று.

ஹெல்மெட் அணியாததும் மூவராகச் சென்றதும் விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமாக இருந்தால் மட்டுமே தொகையைக் குறைக்கலாம். ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்பது காயம்பட்ட மூன்றாம் நபரின் குற்றமல்ல. காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பதே 2004ஆம் ஆண்டின் சுவரண் சிங் தீர்ப்பு. வரும் தொகையில் சதவீதம் பேசி வழக்கை எடுப்பதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன. ஆஸ்பத்திரி வாசலில் தரகர் நீட்டும் தாளில் கையெழுத்திடாதிருப்பதே காயம்பட்டவருக்கு நல்லது.

மேல்முறையீடு

தீர்ப்புக்கு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை தொடங்கும் வரை இதற்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அரசுப் பேருந்து தொடர்பான வழக்குகளில் தீர்ப்பு வந்தும் பணம் வராமல், கோர்ட்டு அமீனா பேருந்து நிலையத்துக்கே சென்று பயணிகளை இறக்கி வண்டியை ஜப்தி செய்வது தமிழ்நாட்டில் அவ்வப்போது நடப்பது.

இன்றைய நிலை

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியுள்ளது. மக்கள் நீதிமன்றங்களில் பல வழக்குகள் சமரசமாகின்றன. ஆறு மாதக் கெடு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, அதைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்ற இடைக்கால உத்தரவு 2025 நவம்பரில் வந்தது.