கடைசி அணிக்கு முதல் ஆள்

அச்சுவேலியில் நாங்கள் பின்னேரங்களில் பந்தடித்த காலத்தில், பந்து உருளுமுன் ஒரு வேலை இருந்தது: ஆள் பிரிப்பது. அதற்கு இரண்டு வழி வைத்திருந்தோம்.

ஒன்று, பேர் வைத்து வருவது. ஏறத்தாழ ஒரே வலுவுள்ள இருவர் தோளில் கைபோட்டபடி வேலியோரம் போய், காதோடு காதாகப் பேர் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். "மாம்பழம் வேணுமோ, பலாப்பழம் வேணுமோ?" தலைவன் மாம்பழம் என்பான். மாம்பழமாக யார் வந்தாலும் அவன்தான் அவனுடைய ஆள். நல்ல நீதிதான். ஆனால் தலைவனின் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

மற்றது, நேருக்கு நேர் பார்த்து எடுப்பது. எல்லோரும் வரிசையாக நிற்போம். இரண்டு தலைவர்களும் மாறிமாறி ஒருவர் பேரைச் சொல்வார்கள். இதில் எதையும் மறைக்க முடியாது. முதல் ஆளாக வேகமாக ஓடுகிறவனைக் கூப்பிட்டால், இவன் முன்னுக்கு அடித்து விளையாடப் போகிறான் என்று எதிர்ப்பக்கம் உடனே பிடித்துக்கொள்ளும். முதல் ஆளாகக் கோலுக்கு நிற்கிறவனை எடுத்தால், இன்றைக்கு இவன் தோற்காமல் இருக்கத்தான் பார்க்கிறான் என்று அர்த்தம். கடைசியாக மிஞ்சி நிற்கும் பெடியனுக்கும் அந்தத் திட்டத்தில் தன் இடம் எது என்பது விளங்கிவிடும். அந்தக் கணத்தில் அவன் தரையைப் பார்த்தபடி கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பான். நான் அப்படி நின்றிருக்கிறேன். கூப்பிடுகிற குரலின் ஒலியிலேயே, என்னை வேண்டித்தான் எடுக்கிறார்களா, வேறு ஆள் இல்லாமல் எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

உலகத்தின் பெரிய விளையாட்டு லீக்குகள் பலவற்றில் இன்று நடக்கும் வீரர் தெரிவு இந்த இரண்டாவது வழிதான். ஆங்கிலத்தில் ட்ராப்ட் என்கிறார்கள். எங்கள் பத்திரிகைகள் அதை 'வீரர்கள் வரைவு' என்று எழுதுகின்றன. வரைவு என்றால் எழுதித் திருத்தும் தாள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகவே வீரர் தெரிவு என்றே எழுதுகிறேன்.

அது பிறந்த இடம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். கையால் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் அவர்களுடைய உதைபந்தாட்டம் எங்களுடையது போன்றதல்ல. ஆனால் கதை எந்த ஊருக்கும் பொருந்தும். 1933 இல் பேர்ட் பெல் என்பவர், லட் ரே என்ற கூட்டாளியோடு சேர்ந்து, நொடித்துப்போன ஓர் அணியின் உரிமையை 2,500 டொலருக்கு வாங்கி, பிலடெல்பியா ஈகிள்ஸ் என்று பெயர் வைத்தார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். பெல் தன் அணியின் டிக்கெட்டைத் தானே தெருவில் நின்று விற்றார். நியூயோர்க் ஜயன்ற்ஸ், சிக்காகோ பெயர்ஸ் போன்ற அணிகளுக்குக் கூட்டம் வந்தது, காசும் வந்தது. அந்தக் காசில் நல்ல ஆட்கள் வந்தார்கள். நல்ல ஆட்கள் வந்ததால் மேலும் கூட்டம் வந்தது. கீழே கிடந்த அணி கீழேயே கிடந்தது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ரான் கொஸ்ற்கா என்ற வீரனை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று பெல் முயன்றார். கொஸ்ற்கா ஒவ்வோர் அணியாகப் பேரம் பேசி, கடைசியில் 5,000 டொலருக்குப் புரூக்ளின் அணிக்குப் போனான். பெல்லுக்கு அதில் ஒன்று உறைத்தது. ஏலம் என்று வந்தால் வறிய அணி எப்போதும் தோற்கும். 1935 மே மாதத்தில் அணி உரிமையாளர்களின் கூட்டத்தில் அவர் ஒரு யோசனையை வைத்தார்: பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் வீரர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக வைப்போம். கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கட்டும், முதலாவதாக வந்த அணி கடைசியில் எடுக்கட்டும். ஓர் அணி எடுத்த ஆளோடு வேறு அணி பேரம் பேசக் கூடாது. பணக்கார அணிகளும் இதற்குச் சம்மதித்தன. எதிர்த்து விளையாட நல்ல அணி இல்லையென்றால் தங்கள் மைதானமும் காலியாகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

முதலாவது தெரிவு 1936 பெப்ரவரி 8 ஆம் திகதி பிலடெல்பியாவின் றிட்ஸ் கால்ற்றன் ஹோட்டலில் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், 81 பெயர்கள். கரும்பலகையில் ஏறத்தாழ 90 வீரர்களின் பெயர்களை எழுதிப் போட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய் வீரர்களைப் பார்த்து வரும் ஆட்கள் அன்று அணிகளிடம் இல்லை. பத்திரிகையில் வாசித்ததும் தெரிந்தவர்கள் சொன்னதும்தான் கையிருப்பு. முந்திய பருவத்தில் 2 வெற்றி, 9 தோல்வியோடு கடைசியாக வந்த ஈகிள்ஸ் முதலில் எடுத்தது. பெல் சொன்ன பெயர் ஜே பேர்வாங்கர். சிக்காகோ பல்கலைக்கழக வீரன், நாட்டின் சிறந்த பல்கலைக்கழக வீரனுக்கான பெருவிருதை முதன்முதல் பெற்றவன்.

பேர்வாங்கர் கேட்ட சம்பளத்தை ஈகிள்ஸ் அணியால் கொடுக்க முடியவில்லை. அவனுக்கான உரிமையைப் பெயர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அங்கும் தொகை ஒத்துவரவில்லை. உலகின் முதலாவது தெரிவு வீரன் ஒருநாளும் தொழில்முறைப் போட்டியில் இறங்கவே இல்லை. அது மட்டுமல்ல, அன்று ஈகிள்ஸ் எடுத்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அணியில் சேரவில்லை. அந்த 1936 பருவத்தில் இந்த முறையைக் கண்டுபிடித்தவரின் அணி 1 வெற்றி, 11 தோல்வி.

இந்த இடத்தை நான் விட்டுவிட விரும்பவில்லை. நல்ல ஒழுங்கு பிறந்த உடனேயே பலன் தருவதில்லை. 1944 தெரிவில் ஈகிள்ஸ் எடுத்த ஸ்ரீவ் வான் பியூரன் என்ற வீரனை முன்னிறுத்தித்தான் 1948 இலும் 1949 இலும் அந்த அணி வாகை சூடியது. அப்போது பெல் அணியில் இல்லை. முழு லீக்குக்கும் தலைவராக இருந்தார்.

இனி, ஒரு தெரிவு என்ன சொல்லும் என்பதற்கு வருவோம். அணிகளின் பேச்சாளர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: எங்கள் மூத்த வீரரில் முழு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்காமல் பெயரைப் பார்க்க வேண்டும். அதே அமெரிக்க லீக்கின் கிறீன் பே பக்கர்ஸ் அணியில் பிரெற் பார்வ் என்ற பெரிய வீரர் தாக்குதலை நடத்திக்கொண்டிருந்தபோது, 2005 இல் அதே இடத்துக்கு ஆரன் றொட்ஜர்ஸ் என்ற இளைஞனை எடுத்தார்கள். 2008 இல் பார்வ் வெளியே, றொட்ஜர்ஸ் உள்ளே. 2020 இல் அதே றொட்ஜர்ஸ் உச்சத்தில் இருந்தபோது ஜோர்டன் லவ் என்பவனை எடுத்தார்கள். 2023 இல் றொட்ஜர்ஸ் வெளியே, லவ் உள்ளே. இரண்டு முறையும் சரியாக மூன்று ஆண்டு. தனக்கு அடுத்த ஆள் யார் என்பதை மூத்தவர் தன் காலம் முடியுமுன்னே தெரிவு மேசையிலிருந்தே அறிந்துகொண்டார்.

எங்களுடைய உதைபந்தாட்டத்துக்கு வந்தால், பக்கத்து நாட்டில் கண்கூடாகப் பார்த்தோம். 2017 யூலை 23 இல் மும்பையில் இந்தியன் சுப்பர் லீக்கின் தெரிவு நடந்தது. பத்து அணிகள், இருநூற்றுக்கு மேற்பட்ட உள்நாட்டு வீரர்கள். ஒவ்வொருவருக்கும் விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்ததால் ஏலம் இல்லை. சென்னையின் எப்.சி. முன்கள வீரர் ஜெஜேயையும் கோல் காப்பாளர் கரன்ஜித் சிங்கையும் முன்னரே தக்கவைத்திருந்தது. இரண்டு முனையும் கையில் இருந்தபடியால் நடுவை நிரப்பினால் போதும். புதிய அணியான ஜம்செட்பூருக்குத் தக்கவைக்க ஒருவரும் இல்லை. வெறும் வளவு. அவர்கள் முதல் ஆளாக எடுத்தது மலப்புறத்துத் தடுப்பு வீரர் அனஸ் எடத்தொடிகாவை. கோலுக்குச் சுப்ரதா பால். கோல் அடிக்கிறவனைத் தேடி ஓடாமல் வீட்டுக்கு முதலில் கதவு போட்ட தெரிவு அது.

பருவம் தொடங்கியது. பயிற்றுநர் ஸ்ரீவ் கொப்பெல்லின் ஜம்செட்பூர் முதலாவது போட்டியில் 0-0. இரண்டாவதில் 0-0. மூன்றாவதிலும் 0-0. நாலாவதில் டெல்லிக்குப் போய் 1-0. யூலை மாதத்தில் அந்தப் பெயர்களை அடுக்கி வைத்துப் பார்த்திருந்தால் டிசம்பர் மாதத்துப் புள்ளிகளை ஓரளவு வாசித்திருக்கலாம். அந்தப் பருவத்தில் வாகை சூடியது சென்னை.

தெரிவு எங்கள் வாசலுக்கே வந்தது 2020 இல். உதைபந்தாட்டத்தில் அல்ல, கிரிக்கெற்றில். லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் யப்னா ஸ்டாலியன்ஸ் என்ற அணி வந்தது. திசர பெரேரா தலைவர். அனுபவமுள்ள ஆட்களோடு, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் சுழல்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்தின் பெயரும் அணியில் இருந்தது. சும்மா ஊர்ப் பெயருக்காகச் சேர்த்திருக்கிறார்கள், வாங்கிலேயே இருத்தி வைப்பார்கள் என்று இங்கே பலர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். டிசம்பர் 4, அவனுடைய 19 ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், கொழும்பு அணிக்கு எதிராக இறக்கினார்கள். அஞ்சலோ மத்யூஸின் விக்கெற்றை எடுத்தான். அதே மாதம் 16 ஆம் திகதி கிண்ணம் யாழ்ப்பாண அணிக்கு. 2024 மே மாதத்தில் அவன் சன்றைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐ.பி.எல். மைதானத்தில் நின்றான்.

இந்த முறையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. எடுக்கப்படுகிறவனை யாரும் கேட்பதில்லை. எந்த ஊருக்குப் போவது, யாரோடு விளையாடுவது என்பதை இன்னொருவர் ஒரு மேசையில் இருந்து சொல்லிவிடுகிறார். பேர்வாங்கர் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது, அவனுக்கு வேறு வேலை இருந்தது. எல்லாப் பெடியனுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஆனாலும் காசுள்ள அணியே எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவதைவிட இது நல்லது என்பதே என் முடிவு.

எங்கள் பக்கத்தில் வருடா வருடம் ஏழு பேர் கொண்ட சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. நல்ல நாலு பேரை ஒரே கழகம் சேர்த்துக்கொண்டால் முதல் நாளே கிண்ணம் யாருக்கு என்று தெரிந்துவிடுகிறது, மற்றக் கழகத்துப் பெடியள் இரண்டாம் வருடம் வருவதில்லை. கழகங்களை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிறுவர் போட்டி ஒன்றுக்காவது ஒருமுறை கரும்பலகையைக் கொண்டுவந்து வையுங்கள். எல்லாப் பெயரையும் எழுதுங்கள். போன வருடம் கடைசியாக வந்தவர்களை முதலில் கூப்பிடச் சொல்லுங்கள். கடைசியாக நிற்கும் பெடியனின் பெயரையும் முதலாவது பெயரைச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள்.