கடைசிப் பத்து மைல்

எம்101 என்ற சுருள் கேலக்ஸியிலிருந்து கிளம்பும் ஒளி நம்மிடம் வந்துசேர ஏறத்தாழ 2.1 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு வந்து சேர்வது கிளம்பிய காலத்தில் மனித இனமே கிடையாது. வழிநெடுக அதற்குப் பெரிய தொந்தரவில்லை. தொல்லையெல்லாம் கடைசிப் பத்து மைலில், நம் காற்றுக்குள் நுழைந்த பிறகுதான்.

மேட்டுப்பாளையத்தில் மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு எம்101 தோதான ஆள். தெற்கு வானத்தைக் கோயமுத்தூர் வெளிச்சம் வெளுக்க வைத்திருக்கும். இதுவோ வடக்கே, நீலகிரிப் பக்கம். வைகாசித் தொடக்கத்தில் இரவு பத்தரை மணிவாக்கில் 47 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும். ஆனால் தன் ஒளியைக் கிட்டத்தட்ட முழுநிலா அகலத்துக்குப் பரப்பி வைத்திருப்பதால் மகா மங்கல். நிலா இருந்தால் அன்றைக்குக் கடையைக் கட்ட வேண்டியதுதான். கோடைமழை மேகம் வேறு.

பூமி சுழல்வதை ஈடுகட்ட, தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்க்க வேண்டும். இந்த ஊரில் அது 11 டிகிரி உயரம்தான். கல்லாறு பக்கம் அடிவாரத்தை ஒட்டிப் போனால் மலையே மறைத்துவிடும். இதே 11 டிகிரிக்காகத்தான் ரேடியோ வானியலாளர் கோவிந்த் சொரூப் குழுவினர் மலைக்கு மேலே, ஊட்டி முத்தோரையில், அந்த அளவுக்குச் சரிந்த நிலத்தைத் தேடிப் பிடித்து 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார்கள். நமக்கு மூன்று கால் ஸ்டாண்டும் ஒரு திருகும் போதும்.

குழாயின் அடியிலுள்ள குழியாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, மேலே சின்னச் சமதள ஆடியில் மோதிப் பக்கவாட்டில் கேமராவுக்குள் போகிறது. சென்சாரில் ஓர் எலெக்ட்ரானைத் தட்டி விடுவதோடு அதன் கதை முடிந்தது. ஒரு படத்தில் சாம்பல் புகைச்சல்தான் தெரியும். சில நிமிஷ எக்ஸ்போஷர்களாக எடுத்துத் தள்ளி, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்டாக்கிங் செய்தால்தான் இரைச்சல் அடங்கிச் சுருள் கைகள் எழுந்து வரும்.

2023 மே 19 அமாவாசை. அன்றுதான் ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோய்ச்சி இதகாகி, எம்101-இன் சுருள் கையொன்றில் வெடித்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். செய்தி பரவியதும் மற்ற அமெச்சூர்கள் தங்கள் பழைய ஃபைல்களைக் கிளறினார்கள். அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பு எடுத்த படங்களிலேயே அந்தப் புள்ளி இருந்தது. வெடிப்பின் முதல் வெளிச்சம் எப்போது வந்தது என்று கணிக்க ஆய்வாளர்கள் அந்த மாடிப் படங்களைத்தான் கேட்டு வாங்கினார்கள்.